சேஃப்டியில் நின்றது சரிதான்

அலாஸ்காவின் பனியில் நடக்கும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தில் 2014ஆம் வருடம் ஆலி ஸர்க்கிள் 2 நிமிடம் 22 விநாடியில் தோற்றார். வில்லோவிலிருந்து நோம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர், எட்டரை நாள் ஓட்டம், கடைசியில் இந்த வித்தியாசம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களிலும் அவருக்கு இரண்டாம் இடம்தான். ஆனால் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த 2 நிமிடத்தை யாரும் பேசுவதில்லை. அதற்கு முன்னால் சேஃப்டி என்ற கடைசி செக்பாயின்ட்டில் அவர் இரண்டரை மணி நேரம் நின்றாரே, அதைத்தான் பேசுகிறார்கள். இந்தப் பந்தயத்தைப் பார்க்க என்னால் பழக்கப்பட்டவர் என் மச்சான். அவருக்கு இன்றைக்கும் இது ஆறவில்லை. "எட்டு நாள் ஓடிட்டு, முப்பத்தஞ்சு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போது யாராவது உக்காருவாங்களா மாப்ள?" என்பார். நான் பதில் சொல்லத் தொடங்குவேன். அவர் முடிவைக் காட்டுவார். தோற்றவர் தப்பு செய்தவர், அவ்வளவுதான் அவர் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஏன் ஒத்துவரவில்லை என்பதை ஒருமுறை முழுதாக எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

கடிவாளம் கிடையாது

நாய்வண்டி ஓட்டுபவரை அங்கே மஷர் என்பார்கள். அவர் வண்டியின் பின்னால், இரண்டு சறுக்குக் கட்டைகள் மேல் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு நீளமான கயிறு, அதில் ஜோடி ஜோடியாகப் பதினான்கு, பதினாறு நாய்கள். வண்டியில் பிரேக் உண்டு, நிறுத்திவைக்கப் பனியில் குத்தும் ஒரு கொக்கி உண்டு. ஆனால் திருப்புவதற்கு ஒன்றும் கிடையாது. நம் ஊர் ரேக்ளா வண்டியில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கும், ஓட்டுபவர் கையில் பிடி இருக்கும். இங்கே மஷரிடம் இருப்பது அவருடைய குரல் மட்டும்தான். 'ஜீ' என்றால் வலது பக்கம், 'ஹா' என்றால் இடது பக்கம். முப்பது நாற்பது அடிக்கு முன்னால், காற்று இரைச்சலில், இருட்டில், முன்வரிசையில் ஓடும் லீடர் நாய்கள் அதைக் காதில் வாங்கித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. படுத்துவிட்டால் அதைவிட ஒன்றுமில்லை. கயிறு இழுக்கத்தான் உதவும், தள்ள உதவாது.

இது எவ்வளவு உண்மை என்பது 2019இல் தெரிந்தது. அந்த வருடம் நிக்கோலா பெத்தி மணிக்கணக்கான முன்னிலையோடு பெரிங் கடற்கரைக்கு வந்துவிட்டார். ஷாக்டூலிக் தாண்டி கொயுக் போகும் வழியில், ஓய்வுக்கு நின்ற இடத்தில் ஒரு நாய் இன்னொன்றின் மேல் பாய்ந்திருக்கிறது. அவர் அந்த நாயைச் சத்தம் போட்டு அதட்டினார். அவ்வளவுதான். மொத்தக் குழுவும் இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டது. அடியில்லை, உதையில்லை, ஒரு அதட்டல். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். கடைசியில் அவர் பந்தயத்திலிருந்து விலகினார், பெத்தெல் ஊரைச் சேர்ந்த யூபிக் இனத்தவரான பீட் கைசர் ஜெயித்தார். நாய்கள் களைத்துப்போனதால் நிற்கவில்லை என்று பெத்தியே சொன்னார். அவற்றுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. முந்தைய வருடமும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் அவர் புயலில் பாதை தவறி முன்னிலையை இழந்தார் என்பதால், நாய்களுக்கு அந்த இடத்தின் ஞாபகமும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். இதை நிரூபிக்க முடியாது. ஆனால் நாய் வளர்த்தவர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

இந்த நாய்கள் படங்களில் வரும், புசுபுசுவென்று நீலக் கண்ணோடு இருக்கும் சைபீரியன் ஹஸ்கிகள் இல்லை. பெரும்பாலானவை அலாஸ்கன் ஹஸ்கி. எந்தக் கென்னல் சங்கமும் தனி இனமாக ஏற்றுக்கொள்ளாத கலப்பு. இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ எடை, நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு. தெருவில் பார்த்தால் இதுவா ஆயிரம் மைல் ஓடும் என்று கேட்போம். பந்தய நாட்களில் ஒரு நாய் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல் சாப்பிடும், அதில் பெரும்பகுதி கொழுப்பு. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் இவற்றைப் பல வருடம் ஆராய்ந்தவர். முதல் ஓரிரு நாளில் இந்த நாய்களின் உடலும் நம் உடலைப் போலத்தான் சேமிப்பைக் கரைக்கிறது, அதற்குப் பிறகு உடல் தன் வேலைமுறையையே மாற்றிக்கொள்கிறது என்று அவர் கண்டார். ஓடிக்கொண்டே இருக்கும்போதே அவை சமநிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சோறும் தூக்கமும் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்.

அதைக் கொடுப்பதுதான் மஷரின் முழுநேர வேலை. ஐந்தாறு மணி நேரம் ஓட்டம், கிட்டத்தட்ட அதே அளவு ஓய்வு என்று போகும். நாய்க்குத்தான் ஓய்வு, மனிதருக்கு இல்லை. வண்டி நின்றதும் முதலில் வைக்கோலைப் பிரித்து ஒவ்வொரு நாய்க்கும் அடியில் பரப்ப வேண்டும். அப்புறம் காலுறைகளைக் கழற்ற வேண்டும். பனிக்கட்டிகள் விரலிடுக்கில் அறுக்காமல் இருக்க ஒவ்வொரு பாதத்துக்கும் கெட்டித் துணியில் தைத்த ஒரு சின்ன உறை, வெல்க்ரோ பட்டையோடு. பதினாறு நாய் என்றால் அறுபத்துநான்கு உறைகள். தடித்த கையுறையோடு வெல்க்ரோவைப் பிரிக்கவும் முடியாது, சரியான இறுக்கத்தில் ஒட்டவும் முடியாது. அதனால் பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே இருக்கும் குளிரிலும் வெறும் விரல்தான். ஒரு நாய் முடித்து, விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றி, அடுத்த நாய். ஆல்கஹால் அடுப்பில் பனியை உருக்கிச் சுடுநீராக்கி, உறைந்த இறைச்சியை ஊறவைத்துக் கொடுக்க வேண்டும். பாதம் பாதமாகப் பார்த்துத் தைலம் தடவ வேண்டும். மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு மணி நேரம் கண் மூடினால் பெரிய விஷயம். இப்படி எட்டொன்பது நாள். இதோடு பந்தய விதியே மூன்று கட்டாய நிறுத்தங்கள் வைத்திருக்கிறது: எங்காவது ஓரிடத்தில் 24 மணி நேரம், யூகான் நதியில் 8 மணி நேரம், நோமுக்கு 124 கிலோமீட்டர் முன்னால் ஒயிட் மவுண்டனில் 8 மணி நேரம்.

இவ்வளவு செய்தும் நாய்கள் செத்திருக்கின்றன. 2024இல் மட்டும் மூன்று நாய்கள். விதிப்படி அந்த மூன்று மஷர்களும் விலகினார்கள். இந்தப் பந்தயமே கூடாது என்று போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதது போல நான் இங்கே எழுதிக்கொண்டு போக முடியாது. பந்தயம் நடக்கலாம் என்று நான் நினைப்பதற்கு ஒரே ஒரு காரணம், நிறுத்து என்று சொல்லும் உரிமை நாய்க்கு இருக்கிறது, அந்தச் சொல்லைக் கேட்கத் தெரிந்தவர்கள் ஓட்டுகிறார்கள் என்பது. அந்தக் காரணம் பொய்யாகும் இடத்தில் என் ஆதரவும் முடிந்துவிடும். சேஃப்டியில் ஸர்க்கிள் நின்றது எனக்கு இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

அந்த இரவு

2014இல் அலாஸ்காவில் பனி குறைவு. மலைத்தொடரில் டால்ஸல் பள்ளத்தாக்கு வழியில் வெறும் பாறையும் பனிக்கட்டியும் மண்ணும். வண்டிகள் நொறுங்கின, மஷர்கள் எலும்பு முறிந்தும் அடிபட்டும் விலகினார்கள். ஸர்க்கிளும் அடிபட்டுத்தான் வந்தார். பாதை இறுகிக் கிடந்ததால் வேகம் மட்டும் சாதனை வேகம். ஒயிட் மவுண்டனிலிருந்து முதலில் கிளம்பியவர் ஜெஃப் கிங், ஏற்கெனவே நான்கு முறை ஜெயித்தவர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஸர்க்கிள். அதற்கும் வெகுநேரம் பின்னால் மூன்றாவதாக டல்லஸ் சீவி. அவருக்கு முதலிடம் பற்றிய எண்ணமே இல்லை. மூன்றாம் இடத்தை அப்பா மிட்ச் சீவியிடம் விட்டுவிடக் கூடாது, அதுதான் கவலை.

ஒயிட் மவுண்டனுக்கும் சேஃப்டிக்கும் நடுவே டாப்காக் குன்றுகள். அவற்றை இறங்கினால் கடற்கரையில் ஒரு காற்றுவாசல். உள்நாட்டுக் குளிர்காற்று குன்றுகளுக்கு இடையில் நெருக்கப்பட்டுக் கடலை நோக்கிப் பீறிட்டு வரும் இடம். பத்து நிமிடம் முன்னால் அமைதியாக இருந்திருக்கும், அடுத்த வளைவில் வண்டியையே புரட்டும். அந்த இரவு அது முழு பலத்தில் வீசியது. கிங்கின் வண்டியைப் பாதையிலிருந்து தள்ளி, கரையில் ஒதுங்கிக்கிடந்த மரக்கட்டைகளுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. நாய்களைத் திரும்ப வரிசைப்படுத்த அவரால் முடியவில்லை. மணிக்கணக்கில் அவற்றோடு அங்கேயே உட்கார்ந்திருந்தார். சேஃப்டி சில கிலோமீட்டர்தான். கடைசியில் அந்த வழியாக வந்த ஒரு பனிவாகனக்காரரின் உதவியோடு சேஃப்டிக்கு வந்து பந்தயத்திலிருந்து விலகினார். ஐந்தாவது வெற்றி கையில் இருந்தது. நாய்களுக்கு உதவி வேண்டும் என்று தெரிந்ததும் அதை விட்டார். இதற்காக அவரை யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்கு அப்போது செவ்வாய்க்கிழமை பகல். ஜிபிஎஸ் வரைபடத்தில் கிங்கின் புள்ளி அசையாமல் நிற்பதை உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸர்க்கிளின் புள்ளி அதைக் கடந்து போனது. அவருக்கு மட்டும் அது தெரியாது. இருட்டில், பறக்கும் பனியில், அவர் கிங்கைப் பார்க்கவே இல்லை. இருவழித் தொடர்புக் கருவி எதுவும் மஷர்களிடம் இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி. சேஃப்டிக்கு வந்து சேர்ந்தபோதுதான், தனக்கு முன்னால் போன கிங் இங்கே வரவே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தக் கணத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாற்பது வருட அனுபவம் உள்ள ஒரு மனிதர், அந்தக் கடற்கரையை மனப்பாடமாகத் தெரிந்தவர், முன்னால் போய்க் காணாமல் போயிருக்கிறார். காற்று இன்னும் அடிக்கிறது. நீங்கள் இப்போதுதான் அதிலிருந்து தப்பி வந்திருக்கிறீர்கள். கயிற்றில் இருக்கும் நாய்கள் நீங்களே குட்டியிலிருந்து வளர்த்தவை, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். மிச்சம் 35 கிலோமீட்டர், அதுவும் திறந்த கடற்கரை. உங்களுக்குப் பின்னால் ஒருவன் வேகமாக வந்துகொண்டிருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது. ஸர்க்கிள் நாய்களைக் கட்டிப் படுக்கவைத்தார், காற்று தணியட்டும் என்று உள்ளே போனார்.

இரண்டு மணி நேரத்துக்கும் சற்று மேல் கழித்து டல்லஸ் சீவி அதே காற்றுவாசலைத் தாண்டி வந்தார், சேஃப்டியில் சில நிமிடம்கூட நிற்காமல் கிளம்பினார். ஸர்க்கிள் தயாராகிப் பின்னால் விரட்டியபோது இடைவெளி கிட்டத்தட்ட இருபது நிமிடம். நோமுக்குப் போவதற்குள் அதில் பெரும்பகுதியை அவருடைய நாய்கள் விழுங்கிவிட்டன. சீவி திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒரு நெற்றி விளக்கு. அது அப்பா என்று நினைத்து, மூன்றாம் இடத்தைக் காப்பாற்ற வண்டியோடு தானும் ஓடினார். நோமில் பந்தயம் முடியும் தோரண வளைவுக்குள் நுழைந்து வண்டி மேல் உட்கார்ந்தபோது அங்கே இருந்தவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், தான் முதலில் வந்திருக்கிறோம் என்று. அலாஸ்காவில் விடியற்காலை நான்கு மணி. இங்கே சாயங்காலம் ஐந்தரை. பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கு என் முகம் ஏன் அப்படிப் போனது என்று புரியவில்லை.

மச்சானின் வாதம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. சீவி வந்தார் இல்லையா? அப்படியானால் பாதை போகக்கூடியதாகத்தானே இருந்திருக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் சீவி கிங் தொலைந்ததை அறிந்து, காற்றை எடைபோட்டு, போகலாம் என்று முடிவெடுத்தவர் இல்லை. முன்னால் என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. தகவல் இல்லாமல் போனவர் ஜெயித்தார், தகவல் கிடைத்து நின்றவர் தோற்றார். இதை வைத்துத் தகவல் கிடைத்தவரைத் தப்பு என்பது எனக்குப் புரியவே இல்லை. சீவி திறமைசாலி, ஆறு முறை ஜெயித்தவர், அவர் நாய்கள் அந்த இரவு அற்புதமாக ஓடின. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனவர் ஒருவர்

மச்சானிடம் இன்னொரு சீட்டும் உண்டு: லிபி ரிடில்ஸ். 1985இல் இடிட்டராட்டை ஜெயித்த முதல் பெண். ஷாக்டூலிக்கிலிருந்து நார்டன் வளைகுடாவின் உறைபனியைக் கடந்து கொயுக் போக வேண்டும், புயல் அடிக்கிறது, மற்றவர்கள் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ரிடில்ஸ் மாலையில் தனியாகக் கிளம்பினார். பாதைக் குச்சி ஒன்றிலிருந்து அடுத்த குச்சியைத் தேடித் தேடிப் போய், இருட்டியதும் கடலின் உறைபனி மேலேயே வண்டிப் பைக்குள் சுருண்டு இரவைக் கழித்தார். விடிந்ததும் திரும்பப் புறப்பட்டுக் கொயுக் சேர்ந்தார். அந்த முன்னிலையை யாராலும் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா, துணிஞ்சவங்க ஜெயிச்சாங்க" என்பார் மச்சான்.

நான் ரிடில்ஸைக் கொண்டாடுகிறவன். ஆனால் அவர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் அப்போது வாழ்ந்தது டெல்லர் என்ற ஊரில், நோமுக்கும் வடக்கே, மரமே இல்லாத கடற்கரையில். அங்கே ஜோ கார்னியோடு சேர்ந்து அவர் பழக்கிய நாய்கள் அவை. முகத்தில் காற்று அறைவதும், முன்னால் ஒன்றும் தெரியாமல் நடப்பதும் அவற்றுக்கு அன்றாடம். ஸர்க்கிளின் நாய்கள் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் டூ ரிவர்ஸ் காட்டில் வளர்ந்தவை. அங்கே குளிர் கடற்கரையைவிடக் கடுமை, ஆனால் மரங்களுக்கு நடுவே காற்று அசையாமல் நிற்கும். அந்தக் குளிரில் அவரும் அவர் நாய்களும் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. யூகான் குவெஸ்ட் பந்தயத்தை 2000இல் ஜெயித்த முதல் பெண் அவர்தான். கடற்காற்று வேறு. ரிடில்ஸ் தன் நாய்களுக்குத் தெரிந்த ஒன்றுக்குள் அவற்றைக் கூட்டிப்போனார். ஸர்க்கிள் தன் நாய்கள் அன்று எவ்வளவு தாங்கிவிட்டன என்று பார்த்துவிட்டு நின்றார். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலைதான், நாயைப் பார்த்து முடிவெடுத்தது. எனக்கு இருவரும் சரி.

இந்த விவாதத்தைப் பழங்கதை என்று விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் 2022 வந்தது. அதே கடற்கரை, அதே காற்று. நோமுக்கு மிக அருகில் புயல் சிக்கவைத்து, பல மஷர்களை மீட்டுக்கொண்டுவர வேண்டியிருந்தது. கடைசிக் கட்டத்தில் வரிசையாக விலகினார்கள். மில்லே போர்ஸில்ட், மிஷெல் ஃபிலிப்ஸ், ரைலி டைக் ஆகிய மூவரும் வழியில் இருந்த தங்குமிடக் குடிசைகளுக்குள் ஒதுங்கினார்கள், தங்கள் நாய்களையும் உள்ளே கூட்டிப்போனார்கள். பந்தயம் முடிந்ததும் நிர்வாகம் மூவரையும் தண்டித்தது. போர்ஸில்டை 14ஆம் இடத்திலிருந்து 17க்கு இறக்கியது, ஃபிலிப்ஸை 17இலிருந்து 18க்கு. டைக்குக்கு 1,000 டாலர் அபராதம். கால்நடை மருத்துவர் பார்க்கும் நேரம் தவிர நாய்களைக் கூரைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. வெளியே படுத்திருந்த மற்றவர்களின் நாய்களைவிட இவர்களுடைய நாய்களுக்கு நல்ல ஓய்வு கிடைத்தது, அது நியாயமில்லாத அனுகூலம் என்பது வாதம்.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. விதி எதற்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சாதாரண நாளில் ஒருவர் சூடான அறையில் நாய்களைத் தூங்கவைக்க, இன்னொருவர் வைக்கோலில் தூங்கவைத்தால் பந்தயம் சமமாக இருக்காது. ஆனால் புயலில் நாயின் உயிருக்குப் பயந்து கதவைத் திறந்தவரிடம் போய் அனுகூலக் கணக்குப் பார்க்கக் கூடாது. சிறந்த நாய்ப் பராமரிப்புக்கு லியனார்ட் செப்பலா பெயரில் வருடாவருடம் விருது கொடுக்கும் அமைப்பு அது. 1925இல் தொண்டை அடைப்பான் நோய் பரவிய நோமுக்கு மருந்து கொண்டுபோன இருபது ஓட்டுநர்களில், டோகோ என்ற நாயை முன்னால் விட்டு, மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியவர் அந்த செப்பலா. அந்த விருதைக் கொடுக்கும் கைதான் இந்தத் தண்டனையிலும் கையெழுத்துப் போட்டது.

எனக்குத் தோன்றும் திருத்தம் சின்னது. 1985இல் புயல் காரணமாகப் பந்தயத்தையே நிறுத்திவைத்தார்கள், அதனால் பந்தயத்தை உறையவைக்கும் அதிகாரம் நிர்வாகத்துக்குப் புதிதில்லை. ஒயிட் மவுண்டனுக்கும் நோமுக்கும் இடையே காற்று ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்தப் பகுதிக்கு மட்டும் கடிகாரத்தை நிறுத்தட்டும். அந்த நேரத்தில் அங்கே மாட்டிக்கொண்டவர் கிடைத்த கூரைக்குள் நாய்களைக் கூட்டிப்போகட்டும். எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தாரோ அத்தனை மணி நேரம் எல்லோருக்கும் கழித்துக்கொள்ளட்டும். இப்போது ஒவ்வொரு வண்டியிலும் ஜிபிஎஸ் இருக்கிறது, யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பது பதிவாகிறது. கணக்குப் போடுவது கஷ்டமே இல்லை.

மச்சானிடம் இதைச் சொன்னேன். கூரை விஷயத்தில் சரி என்றார். கடிகாரத்தை நிறுத்தினால் ரிடில்ஸ் மாதிரி ஒருவர் இனி வரவே முடியாதே என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. காற்று எந்த வேகத்தைத் தாண்டும்போது நிறுத்துவது என்பதில்தான் அந்தப் பதில் இருக்கிறது, அதை அந்தக் கடற்கரையில் நாய் ஓட்டுகிறவர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.